முதலில் வந்தது வலி

காலையில் ஆராய்ச்சி நிலையத்து எலிக்கூடத்தின் கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து அறைவது எலி நாற்றம் இல்லை, சாராய வாடை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்கு அது பெரிய ஏமாற்றமாக இருந்தது. வீட்டில் மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்ட வாடையிலிருந்து பகல் பொழுதாவது தப்பிக்கலாம் என்று வந்தால், இங்கே கூண்டு கூண்டாக அதையே ஊற்றி வைக்கச் சொன்னார்கள்.

அவளை அங்கே எல்லோரும் அக்கா என்றார்கள். கூண்டு கழுவுகிறவருக்கு அவளைவிட வயது கூட, அவரும் அக்கா என்றார். பாட்டில் நிரப்புவது, எடை போடுவது, மரத்தூள் மாற்றுவது அவள் வேலை. அழுக்குக் கூண்டுகளைக் கொதிநீரில் போட்டு எடுப்பது அவர் வேலை.

"ஊர்ல குடிக்கிறவன் கடை வாசல்ல வரிசையில நின்னு மிதிபடுறான்," என்பார் அவர். "இதுங்களுக்குப் பாரு, படுத்த இடத்துக்கு வருது. அடுத்த பிறவில நான் எலிதான் அக்கா."

"காலைக் கிழிச்சுத் தைப்பாங்க, பரவாயில்லையா?"

"அதுக்குத்தானே சரக்கு குடுக்கிறாங்க."

விளையாட்டாகச் சொன்னாலும் ஆராய்ச்சியே அதுதான். பாதி எலிகளுக்கு மயக்கம் கொடுத்து இடது பின்னங்காலுக்குப் போகிற நரம்பில் நூலால் ஒரு முடிச்சுப் போடுவார்கள். முடிச்சு உள்ளே இருக்கிறவரை வலியும் இருக்கும். மீதிப் பாதிக்கு அதே இடத்தில் தோலைக் கீறி, முடிச்சில்லாமல் தைத்துவிடுவார்கள். அப்புறம் எல்லாக் கூண்டுக்கும் இரண்டு பாட்டில். ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் தண்ணீர் விட்டு இளக்கிய சாராயம். எது வேண்டுமோ அதைக் குடித்துக்கொள்ளலாம். வலியுள்ள எலி அதிகம் குடிக்கிறதா என்று மறுநாள் பாட்டிலை எடை போட்டுப் பார்ப்பார்கள்.

எந்தக் கூண்டில் முடிச்சுப் போட்டது இருக்கிறது என்று அவளிடம் சொல்லக் கூடாதாம். சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. காலை ஊன்றாமல் நடப்பவனோடு குடித்தனம் பண்ணுகிறவளுக்கு யார் அடையாளம் காட்ட வேண்டும்?

அவள் புருஷன் லாரியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவன். ஒருநாள் மழையில் பலகை வழுக்கி, முதுகில் மூட்டையோடு உட்கார்ந்த வாக்கில் விழுந்தான். முதுகெலும்பில் ஒரு தட்டு பிதுங்கி நரம்பை நசுக்கிவிட்டது என்றார்கள். இடுப்பில் தொடங்கி இடது கால் கட்டைவிரல்வரை கம்பியைக் காய்ச்சி இழுத்த மாதிரி இருக்கும் என்பான். அதற்கு முன்னால் அவன் குடிக்காதவன் இல்லை. கூலி வாங்கிய அன்று நாலு பேரோடு சேர்ந்து கொஞ்சம் ஊற்றிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு வந்து படுப்பான். விழுந்த பிறகு பாட்டு நின்றுபோனது. தூங்குவதற்குக் குடித்தான். பிறகு எழுந்து நடப்பதற்கும் குடித்தான்.

நாத்தனார்க்காரி வந்து பார்த்துவிட்டு, "என் தம்பி இப்படி இல்லை. கட்டினவ சரியா இருந்திருந்தா அவன் ஏன் பாட்டிலைத் தொடுறான்," என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனாள். அதையாவது ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடலாம். வலி வைத்தியம் பார்க்கிற டாக்டர் சொன்னதை அப்படி விட முடியவில்லை. முதுகுத்தண்டில் ஓர் ஊசி போட்டால் வலி பாதிக்குப் பாதி அடங்கும் என்று அவரிடம் போயிருந்தார்கள்.

"குடிச்சா நரம்பு கெடும். நரம்பு கெட்டா வலி கூடும். உங்க வலிக்கு மூலமே குடிதான்," என்றார் டாக்டர். கெட்டவர் இல்லை. நாள் முழுக்க அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே பொய்களைக் கேட்டுச் சலித்தவர். "குடிக்கிறவருக்கு முதுகுத்தண்டுல ஊசி குத்த முடியாது. ரத்தக் கசிவு வந்தா யார் பொறுப்பு? முதல்ல நிறுத்துங்க. ரத்தப் பரிசோதனையில சுத்தம்னு வரட்டும், அப்புறம் ஊசியைப் பத்திப் பேசலாம்."

"வலிக்குதுன்னுதாங்க குடிக்கவே ஆரம்பிச்சாரு. முதல்ல வந்தது வலிங்க."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க."

அந்த 'எல்லாரும்' அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது. வலியை நிறுத்து, குடியை விடுகிறேன் என்கிறான் இவன். குடியை விடு, வலியை நிறுத்துகிறேன் என்கிறார் அவர். நடுவில் நின்று இரண்டு பக்கமும் கையைப் பிசைவது இவள்.

அதனால்தான் எலிகள்மேல் அவளுக்கு அப்படியொரு நம்பிக்கை வந்தது. எலிக்கு நாத்தனார் இல்லை, கெட்ட சேர்க்கை இல்லை, பெண்டாட்டிமேல் பழி போடுகிற வாய் இல்லை. வலித்தால் குடிக்கும், வலிக்காவிட்டால் விட்டுவிடும். மேடம் ஒரு தாளில் அதை எழுதிக் கொடுத்தால் டாக்டர் மேசையில் வைத்துவிடலாம். பாருங்க, எலிகூட இப்படித்தான்.

மேடம் என்பது ஆராய்ச்சி செய்கிற பெண். அவளைவிடச் சின்னவர். சாப்பிட மறந்து, மறந்ததையும் மறந்து போகிற ஆள்.

"முடிவு வந்துடுச்சா மேடம்?" என்று வாரத்தில் பாதி நாள் கேட்பாள்.

"வரும் அக்கா. எலி என்ன பஸ்ஸா, நேரத்துக்கு வர?"

இதற்கிடையே வீட்டில் அவன் குடியை விடத் தொடங்கியிருந்தான். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையோடு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒருநாள் முழுசாக நிறுத்தினான். சொல்வது சுலபம். வேர்த்து ஊற்றியது. கை நடுங்கித் தம்ளர் பல்லில் மோதியது. சரக்கு அடக்கி வைத்திருந்த வலி கட்டவிழ்த்த மாடு மாதிரி எழுந்து வந்து அவனை முட்டியது. இடது பக்கம் திரும்ப முடியாது. தண்ணீர்ச் செம்பு, மாத்திரை, செருப்பு எல்லாவற்றையும் வலது பக்கம் கைக்கெட்டுகிற தூரத்தில் வைத்துவிட்டுத்தான் அவள் வேலைக்குக் கிளம்புவாள். செம்பை மறந்து இடது பக்கம் வைத்துவிட்டால், கேட்க மாட்டான். சாயந்தரம் வந்து பார்த்தால் தண்ணீர் வைத்தபடி இருக்கும், உதடு காய்ந்து கிடக்கும்.

"கூப்பிட வேண்டியதுதானே பக்கத்து வீட்டை?"

"தாகம் இல்லை."

"பொய் சொல்றதுக்காவது வாயை நனைச்சுக்கோயேன்."

"இந்தா பாரு, நான் பாட்டிலை விட்டாச்சு. இனிமே என்னைப் படுத்துறதை நீ விடு."

ரத்தப் பரிசோதனைக்கு நாள் நெருங்கியது. அவன் தொடவில்லை. எந்தக் கடவுள் வந்து கேட்டாலும் சத்தியம் பண்ணுவாள், அவன் தொடவில்லை.

அந்த வாரத்தில்தான் மேடம் கணினியைப் பார்த்தபடி தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அவள் மரத்தூள் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு வழக்கம்போல் கேட்டாள்.

"வந்துடுச்சு அக்கா," என்றார் மேடம். "வராமலே இருந்திருக்கலாம்."

"ஏன் மேடம்?"

"வலியுள்ளதும் வலியில்லாததும் வித்தியாசம் இல்லாம குடிக்குது. சொல்லப்போனா வலியுள்ளது கொஞ்சம் குறைச்சலாத்தான் குடிக்குது."

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. "குறைச்சலாவா?"

"ஆமா. வலிச்சா தண்ணியைத்தான் தேடுதுங்க. மத்த இடத்துல இதே சோதனை பண்ணின சில பேருக்கு அதிகம்னு வந்திருக்கு, சில பேருக்கு இல்லைன்னு வந்திருக்கு. ஆணுக்கு ஒண்ணு பொண்ணுக்கு ஒண்ணுன்னுகூட வந்திருக்கு. ஆனா இப்படி எல்லாமே தண்ணிப் பக்கம் சாயறது புதுசா இருக்கு."

அவள் கூண்டுகளைத் திரும்பிப் பார்த்தாள். நொண்டுகிற எலி ஒன்று மூலையில் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது. கூட இருந்தே குழி பறித்துவிட்டதே சனியன் என்று வந்தது. உன்னைப் போய் நான் சாட்சி சொல்லச் சொன்னேனே.

மறுநாள் காலை மேடம் அவளுக்கு முன்பே வந்திருந்தார். "ஒண்ணுமில்லை அக்கா, நீங்க உங்க வேலையைப் பாருங்க, நான் சும்மா நிக்கிறேன்," என்று சுவரோரம் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டார். அவள் பழைய பாட்டில்களை எடுத்து எடை போட்டாள், புதிதாக நிரப்பினாள், கூண்டுகளில் மாட்டிக்கொண்டே போனாள். கை தன்பாட்டுக்கு ஓடியது. மூன்றாவது வரிசையில் மேடம் எழுந்து வந்தார்.

"அக்கா, இந்தக் கூண்டுல நேத்து தண்ணி எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"இதோ, வலது பக்கம்."

"இன்னைக்கு?"

"வலது பக்கம்தான்."

"அடுத்த கூண்டுல?"

"அதுல நேத்து வலது, இன்னைக்கு இடது. மாத்திட்டேன் மேடம்."

"அதுல மாத்தினீங்க. இதுல ஏன் மாத்தலை?"

கேட்ட பிறகுதான் அவளே யோசித்தாள். சேர்ந்த அன்றே மேடம் சொல்லிக் கொடுத்ததுதான்: தினமும் பாட்டில்களைப் பக்கம் மாற்ற வேண்டும். எலிக்கு ஒரு மூலை பழகிவிட்டால் அங்கே எது இருந்தாலும் அதைத்தான் குடிக்கும். அவளும் மாற்றத்தான் செய்தாள். ஆனால் நொண்டுகிறவை இடது பக்கப் பாட்டிலுக்கு எக்கும்போது வலிக்கிற காலில் பாரம் விழுந்து வெடுக்கென்று பின்வாங்குவதை முதல் வாரத்திலேயே பார்த்தாள். தண்ணீருக்காவது அது கஷ்டப்பட வேண்டாம் என்று தோன்றியது. தண்ணீரை வலது பக்கமே விட்டுவிட்டாள். எந்தப் பக்கம் இருந்தால் என்ன, எடைதானே கணக்கு என்று நினைத்தாள். அதற்கப்புறம் நினைக்கக்கூட இல்லை. நொண்டுகிற கூண்டுக்கு வந்தால் கை தானாகவே தண்ணீரை வலது பக்கம் மாட்டியது, வீட்டில் செம்பை வைக்கிற மாதிரி.

"அதுக்கு அந்தப் பக்கம் எக்க முடியலை மேடம்," என்றாள். "பாவமா இருந்துச்சு. தண்ணிதானேன்னு..."

மேடம் முக்காலியில் போய் உட்கார்ந்தார்.

"அப்போ சாராயம் எப்பவும் வலிக்கிற பக்கம் இருந்திருக்கு."

"ஆமா."

"குடிக்கணும்னா வலியைத் தாங்கிட்டு எக்கணும். தண்ணின்னா சும்மா கழுத்தை நீட்டினா போதும்."

அவள் கையிலிருந்த பாட்டிலைக் கூண்டின் மேல் வைத்தாள்.

"எவ்வளவு நாளா அக்கா?"

"ஆரம்பத்துலேர்ந்தே மேடம்."

"மொத்தமும் போச்சு," என்றார் மேடம். குரல் உயரவில்லை. "இத்தனை நாள் வேலை, குப்பை. உங்க பரிதாபத்தை யாரு கேட்டா? இந்த எலி கேட்டுச்சா? இப்ப இன்னொரு கூட்டத்தைக் கொண்டுவந்து, அதுங்க காலையும் கிழிச்சு முடிச்சுப் போடணும். இதுங்களுக்கு நீங்க பாவம் பாத்ததுக்கு அதுங்க வலிக்கணும். தப்பு என்னோடதும்தான். வந்து பாத்திருக்கணும். எங்க துறைத் தலைவர்கிட்ட என்னத்தைச் சொல்றதுன்னே தெரியலை."

கூண்டு கழுவுகிறவர் கதவருகே வந்தவர், உள்ளே இருந்த முகங்களைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனார்.

வேலை போகுமா என்பது அவள் மனதில் இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்ததைக் கேட்கவும் செய்தாள், கேட்கிற நேரமா என்று தெரிந்தும். "அப்போ ஒழுங்கா மாத்தியிருந்தா, வலிக்கிறது அதிகமாக் குடிச்சிருக்கும்ல மேடம்?"

மேடம் அவளை நிமிர்ந்து பார்த்தார். புருஷன் சங்கதி அவருக்கும் கொஞ்சம் தெரியும். "குடிச்சிருக்கலாம். குடிக்காமலும் இருந்திருக்கலாம். தெரியாது அக்கா. அதான் வயித்தெரிச்சல். இவ்வளவும் பண்ணிட்டு, தெரியாது."

ஆக, டாக்டர் மேசையில் வைக்க ஒரு தாளும் இல்லாமல்தான் பரிசோதனை நாளன்று அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். பஸ்ஸில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்த அவன் கை வெளுத்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துக்கொண்டு காத்திருக்கச் சொன்னார்கள். இரும்பு பெஞ்சில் அவனால் உட்கார முடியவில்லை. சுவரில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இடது காலைத் தரையில் பட்டும் படாமலும் வைத்துக்கொண்டு நின்றான். உதட்டைக் கடித்துக் கடித்து அங்கே ஒரு புண்.

"எதிர்த்தாப்புல கடை இருக்கு," என்றான் ஒருமுறை, ஜன்னல் பக்கம் பார்த்து.

"தெரியும்."

"சும்மா சொன்னேன்."

"நானும் சும்மாதான் கேட்டுக்கிட்டேன். ரத்தம் எடுத்தாச்சு, இப்பப் போய் ஊத்திக்கிட்டாலும் தாளில வராதுன்னுதானே கணக்குப் போடுற?"

அந்த வலியிலும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. "உன்கிட்ட எலி எப்படித்தான் பொழைக்குதோ."

பெயர் கூப்பிட்டு உள்ளே போனார்கள். டாக்டர் தாளைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை பார்த்தார். "சுத்தமா இருக்கு. நிறைய பேர் இதைச் செய்யறதில்லை. நல்ல காரியம்."

அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இதற்குத்தான். இந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

"வலி இப்ப எப்படி இருக்கு?" என்றார் டாக்டர்.

"பரவாயில்லைங்க," என்றான் அவன்.

அவள் கழுத்து சுளுக்கிக்கொள்கிற மாதிரி திரும்பிப் பார்த்தாள். அவன் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நின்றான்.

"வலியே இல்லைன்னா பூஜ்யம். தாங்கவே முடியலைன்னா பத்து. உங்களுக்கு எவ்வளவு?"

"ஒரு மூணு நாலு இருக்குங்க."

டாக்டர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா? குடியை விட்டதும் வலி இறங்கிடுச்சு. நான் அன்னைக்கே சொன்னேன். இதுக்கு ஊசி தேவையில்லை. மாத்திரை எழுதுறேன். ஆறு மாசம் கழிச்சு வாங்க."

"அவர் பொய் சொல்றாருங்க," என்றாள் அவள்.

"என்னம்மா?"

"நிக்க முடியலைங்க அவரால. உக்கார முடியலை. பஸ்ஸுல வரும்போது..."

"வலி உங்களுக்கா, அவருக்கா?" டாக்டர் அதட்டவில்லை. ஆனால் பேனா அதற்குள் எழுதி முடித்திருந்தது. "நீங்க சொல்ற எண்ணை நான் எழுத முடியாதும்மா. அடுத்தவங்களை வரச் சொல்லுங்க."

வெளியே தாழ்வாரத்துக்கு வந்ததும் அவனைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனாள். சுற்றிலும் ஆட்கள். அதனால் பல்லுக்குள்ளேயே பேச வேண்டியிருந்தது.

"என்னய்யா பரவாயில்லை? யாருக்குய்யா பரவாயில்லை?"

"வாயில வந்துடுச்சு."

"விடிய விடிய நீ கத்தினதை யாரு கேட்டா? நான் கேட்டேன். தலையணையைக் கடிச்சுக் கிழிச்சு வெச்சிருக்க. மூணு நாலாம். காய்கறி வாங்க வந்தியா?"

"ஏ, மெதுவா." அவன் சுவரில் சாய்ந்தான். "மேஸ்திரி காலையில கேப்பான், உடம்பு எப்படிடான்னு. பரவாயில்லைங்கன்னு சொல்றவனுக்குத்தான் மூட்டை. இடுப்பு பிடிச்சிருக்குன்னு சொன்னவன் மறுநாள் கூட்டத்துக்கு வெளியில நிப்பான். பதினஞ்சு வயசுலேர்ந்து சொன்ன சொல்லு. கேட்டதும் வந்துடுச்சு."

"அவர் மேஸ்திரியா?"

"மேசைக்கு அந்தப் பக்கம் எவன் உக்காந்திருந்தாலும் எனக்கு வாய் அப்படித்தான் வருது. நான் என்ன பண்ண?"

இவனை அடிப்பதா, இவனுக்காக அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கூண்டில் அவள் கை செய்ததை இங்கே இவன் வாய் செய்துவிட்டது. அங்கே எலி வலித்தும் குடிக்காததாகத் தாளில் ஏறியது. இங்கே குடியை விட்டதும் இவனுக்கு வலி போய்விட்டதாக ஏறிவிட்டது. இனி இதே டாக்டர் அடுத்து வருகிறவனுக்கும் இவனைக் காட்டுவார். எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க, ஆனா ஒருத்தர் குடியை விட்டதும் பாருங்க, வலி மூணு நாலுக்கு வந்துடுச்சு.

"வா," என்றாள்.

"எங்க?"

"உள்ள."

"அவர் அடுத்த ஆளைப் பாத்துட்டிருப்பார். அசிங்கம், விடு. ஆறு மாசம்தானே, தாங்கிக்கிறேன்."

"நீ தாங்குவ. எதை வெச்சுத் தாங்குவேன்னு எனக்குத் தெரியும். வாய்யா."

அவன் முழங்கையைப் பிடித்து இழுக்கவில்லை, இழுத்தால் முதுகு போய்விடும். பக்கத்திலேயே நடந்தாள், அவன் வேகத்துக்கு. கதவைத் தட்டாமல் திறந்தாள். உள்ளே ஒரு பெரியவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மா, இது என்ன..." என்று டாக்டர் எழுந்தார்.

"ஒரு நிமிஷங்க. நான் பேசலை. அவர்தான் பேசுவாரு." கதவை மூட விடாமல் தோளை முட்டுக்கொடுத்து நின்றுகொண்டாள். அவனைப் பார்த்தாள். "சொல்லு."

அவன் சுவரில் கை ஊன்றிக்கொண்டான். நெற்றியில் வேர்வை துளிர்த்தது. சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த பெரியவர் பாதியில் கையை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார்.

"வலிக்குதுங்க," என்றான் அவன். யாரையோ திட்டுகிற குரலில் வந்தது.

"இப்பத்தானே பரவாயில்லைன்னீங்க?"

"அது மரியாதைக்குச் சொன்னதுங்க."

டாக்டர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். சிரிக்கிறாரா கோபப்படுகிறாரா என்று தெரியவில்லை. "மரியாதையை வெச்சு நான் ஊசி போட முடியாது. எண்ணைச் சொல்லுங்க."

அவன் அவள் பக்கம் திரும்பினான். அவள் வேண்டுமென்றே சுவரைப் பார்த்தாள்.

"குடிச்சிட்டிருந்தப்ப ஒரு அஞ்சுங்க," என்றான் அவன் மெல்ல. "நிறுத்தினதுக்கு அப்புறம்..." நிறுத்தி மூச்சு வாங்கினான். "எட்டுங்க."

எட்டு இல்லை, பத்து. இந்த நிலையிலும் இரண்டைக் குறைத்துத்தான் சொல்கிறான். அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் உட்கார்ந்து, ஓரமாகத் தள்ளியிருந்த தாள்களுக்குள் அவனுடையதைத் தேடி எடுத்தார். முதலில் எழுதியதை அடித்துவிட்டுப் பக்கத்தில் எட்டு என்று எழுதினார். அடித்து எழுதுவது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது அவர் பேனாவை அழுத்திய அழுத்தத்திலேயே தெரிந்தது.